கடைக்குள் இருக்கும் வெளிச்சம்

அமாவாசையன்று திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவிக்கப் போகிறவர்கள், குளத்தில் கரைக்க வெல்லம் வாங்குவதுண்டு. அப்படி வெல்லம் விற்கும் பழைய மளிகைக் கடையொன்றை இளைஞர் ஒருவர் படம் பிடிக்க முயன்றதைச் சென்ற மாதம் பார்த்தேன். வாசலில் கண் கூசும் வெயில், உள்ளே இருட்டு. முதற்படத்தில் வீதி தெரிந்தது, கடைக்காரர் மறைந்தார். இரண்டாவதில் பிளாஷ் வெட்டியது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. கடையின் நெருக்கமும் குளுமையும் போன இடம் தெரியவில்லை!

வெயிலையும் நிழலையும் ஒருசேரப் பார்க்கும் சாமர்த்தியம் நம் கண்ணுக்கு உண்டு, காமிராவுக்குக் குறைவு. அதற்காகப் பிளாஷைத் தூக்குவது சரியல்ல என்பது என் கட்சி. வாசலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். கடைக்குள் வெயில் நேரே விழாத வேளையாகப் பாருங்கள். டியூப் லைட்டை அணையுங்கள். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, அரை விநாடி திறந்து வையுங்கள். கல்லாவில் இருப்பவர் அதுவரை அசையாமலிருந்தால் போதும்.

1858-இல் மதுரைப் புது மண்டபத்தின் உட்புறத்தை லின்னேயஸ் டிரைப் படமெடுத்தபோது மின்விளக்கு ஏது? தூண்களிடையே வந்த வெளிச்சமும் அவருடைய பொறுமையுமே போதுமாயிருந்தன.

திருவள்ளூர்க் கடைக்காரரின் மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகிறார். கடையைத் தொடர ஆளில்லை. நாளை மிஞ்சப்போவது ஒரு படந்தான். அதில் அவர் ஆயுள் முழுதும் உட்கார்ந்திருந்த அந்த நிழலும் இருக்க வேண்டாமா?