1,700 ரிங்கிட் சம்பளம்: கடைக்காரரின் சொந்தக் கூலி எந்தக் கணக்கில்?

2025 ஆகஸ்டு 1 முதல், ஐந்து பேருக்கும் குறைவான ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகளும் மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச சம்பளம் வழங்கியாக வேண்டும். மற்ற முதலாளிகளுக்கு இது பிப்ரவரியிலேயே அமலுக்கு வந்துவிட்டது. நம்மவர்கள் நடத்தும் உணவுக்கடை, பூக்கடை, முடிதிருத்தும் நிலையம் போன்றவற்றில் பல இந்தச் சிறு பிரிவில்தான் அடங்கும்.

1,500 ரிங்கிட் 1,700 ஆனது. 200 ரிங்கிட்தானே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் உள்நாட்டு ஊழியருக்கு முதலாளி செலுத்தும் இபிஎஃப் பங்கு 13 விழுக்காடு. அதையும் சேர்த்தால் உயர்வு 226 ரிங்கிட். மூன்று ஊழியர்கள் என்றால் மாதம் 678 ரிங்கிட். சொக்சோ சந்தா தனி.

இதன் பாதிப்பை அறிய, செலவுகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாடகை, சம்பளம், லைசென்ஸ் ஆகியவை வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் கொடுக்க வேண்டிய நிலையான செலவுகள். அரிசி, காய்கறி, எண்ணெய், பொட்டலப் பை ஆகியவை விற்பனைக்கேற்ப ஏறி இறங்கும் மாறும் செலவுகள்.

உதாரணத்திற்கு, ஒரு சாப்பாட்டுக் கடையின் மாத நிலையான செலவு 9,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாப்பாடு 8 ரிங்கிட். அதற்கான பொருட்செலவு 4 ரிங்கிட். மீதி 4 ரிங்கிட்டில்தான் அந்த 9,000 தேற வேண்டும். அதற்கு மாதம் 2,250 சாப்பாடு விற்க வேண்டும். 26 நாள் கடை திறந்தால், நாளுக்கு 87. சம்பள உயர்வுக்கு முன் 80 போதுமானதாக இருந்தது.

இந்தக் கணக்கில் ஒருவரின் சம்பளம் இல்லை. விடியற்காலை சந்தைக்குப் போய், இரவு கடைசியாகக் கதவைப் பூட்டும் கடைக்காரரின் சம்பளம் அது. அவருக்கும் 3,000 ரிங்கிட் சேர்த்தால் நாளுக்கு 116 சாப்பாடு விற்றாக வேண்டும். 90 விற்று "லாபம்" என்று மகிழும் கடை, உண்மையில் அவருடைய உழைப்பைத் தின்றுகொண்டிருக்கிறது. மனைவியோ அம்மாவோ சம்பளமின்றிச் சமையலில் நின்றால் அதுவும் இதே கதைதான்.

வருமான வரிக் கணக்கிலும் இது தெரியாது. தனிநபர் வணிகத்தில் உரிமையாளர் எடுக்கும் பணத்தையும் வீட்டுச் செலவையும் வணிகச் செலவாகக் கழிக்க முடியாது. பிள்ளையின் டியூஷன் கட்டணமும் கார் தவணையும் கல்லாப்பெட்டியிலிருந்தே போனால், நட்டம் கடையிலா வீட்டிலா என்பது கடைசிவரை புரியாது.

கடைக்கும் வீட்டுக்கும் தனித்தனி வங்கிக் கணக்கு, உரிமையாளருக்கு மாதாமாதம் ஒரே தொகை; இந்த இரண்டும் இருந்தாலே உண்மை நிலவரம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்தத் தொகையில் ஒரு பகுதியை இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் போடலாம். சொந்தத் தொழில் செய்வோர் செலுத்தும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை சேர்த்துத் தருகிறது. ஊழியரின் முதுமைக்கு மாதந்தோறும் பணம் கட்டும் முதலாளி, தம் முதுமையை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடக் கூடாது.