ஓய்வூதியம் கொடையன்று, கூலியே!

சிற்றாற்றங்கரையிலுள்ள வீரகேரளம்புதூர், ஊற்றுமலைக் குறுநிலத்தாரின் அரண்மனை இருந்த ஊர். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலையாரை அக்குறுநிலத்தலைவர் இருதயாலய மருதப்பர் போற்றிப் புரந்தார். அது கொடை. மருதப்பர் கொடுக்கலாம், கொடாமலும் விடலாம். கேட்கப் புலவர்க்கு உரிமையில்லை. அதே ஊரில் இன்று வட்டாட்சியர் அலுவலகத்திலும் பள்ளியிலும் முப்பதாண்டு உழைத்தவன், முதுமையில் பெறவேண்டிய தொகையையும் அத்தகைய கொடையென்றே கோட்டையிலிருந்தோர் கருதிக்கொண்டனர். கேடு அங்கேதான் தொடங்கிற்று.

சொல்லை நோக்குக! ஊதியம் வள்ளுவர் ஆண்ட சொல். ஓய்ந்தபின் பெறும் ஊதியம் ஓய்வூதியமேயன்றி, ஓய்ந்தவனுக்கு இடும் ஐயம் அன்று. 'பென்சன்' என்று வாய்மணக்கச் சொல்லித் திரியும் நம்மவர்க்கும் ஒன்று சொல்லலாம்: அதன் இலத்தீன் வேருக்கும் நிறுத்துக் கொடுத்தல், செலுத்துதல் என்பதே பொருள். 17-12-1982இல் நகரா வழக்கில் இந்திய உச்சநயன்மன்றமும் இதனையே கூறிற்று. ஓய்வூதியம் அரசின் அருளன்று. முன்செய்த பணிக்குரிய உரிமை.

இருபதே ஆண்டில் எல்லாம் தலைகீழாயிற்று! பறிக்கப்பட்ட உரிமைகளைக் கேட்டு 2003 சூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தம் செய்தனர். செயலலிதா அரசு ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரேயடியாக வேலையினின்று நீக்கிற்று. 6-8-2003இல் அதே மன்றம், வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு உரிமையே இல்லையென்றது. அதே நாளிட்ட 259ஆம் அரசாணை, 1-4-2003 முதல் பணியேற்றோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லையென்றது. ஏப்பிரலில் சேர்ந்தவனுக்கு ஆகசுட்டில் ஆணை!

அதன்படி ஊழியனிடம் பத்து விழுக்காடு பிடித்தனர். அரசும் அதே அளவு இடும் என்றனர். 'பங்களிப்பு ஓய்வூதியம்' என்று பெயர். ஓய்வுபெற்றவனிடம் சேர்ந்ததை மொத்தமாகக் கொடுத்து அனுப்பினரேயன்றித் திங்கள்தோறும் ஒரு காசும் தந்திலர். திங்கள்தோறும் வாராத ஒன்றுக்கு ஊதியம் என்று பெயரிட்டது தமிழுக்குச் செய்த இரண்டகம்.

கருவூலத்தில் பற்றாக்குறை என்பர். பற்றாக்குறை பொய்யன்று, அது யாரால் வந்தது என்பதே கேள்வி. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்களுள் தமிழ்நாட்டார் ஏறத்தாழ ஆறு விழுக்காடு. 2021 முதல் 2026 வரைக்கென 15ஆம் நிதிக்குழு தமிழ்நாட்டுக்கு வகுத்த வரிப்பங்கோ 4.079 விழுக்காடு! மேல்வரி, கூடுதல்வரி என்று தில்லி தண்டுவதில் அப்பங்கும் இல்லை. தில்லியிடம் உரத்துக் கேட்கவேண்டியதைக் கேளாமல், கடைநிலை எழுத்தனின் பையில் கைவிடுவது என்ன ஆட்சி?

"ஊழியர் சிலர்க்கு வாரிக்கொடுத்தால் ஏழைக்கு என்செய்வது?" என்பாரும் உளர். இப்பக்கத்துப் பீடி சுற்றும் பெண்களைக் காட்டியே அதனைச் சொல்வர். வருங்கால வைப்புநிதி வழி அப்பெண்டிர் பெறும் ஓய்வூதியத்துக்கு 2014இல் வைத்த கீழெல்லை, திங்களுக்கு 1,000 உருபா! அதனை உயர்த்த இவ்வேழைப் பங்காளர் வாய்திறந்தனரா? 2003இல் ஆசிரியனிடம் பறித்தது பீடி சுற்றுபவள் வீட்டுக்கா போயிற்று?

2026 சனவரி 3இல் இசுடாலின் அரசு, இறுதிச் சம்பளத்தில் பாதியை உறுதிசெய்யும் புதுத் திட்டத்தை அறிவித்தது. இருபத்திரண்டு ஆண்டுக்குப்பின் வந்த பாதி நேர்மை! பத்து விழுக்காட்டுப் பிடித்தம் அதிலும் உண்டு. 31-3-2003இல் சேர்ந்தவனும் மறுநாள் சேர்ந்தவனும் ஒரே அறையில் ஒரே வேலையைச் செய்திருக்க, ஒருவனிடம் பிடியாததும் மற்றவனிடம் பிடிப்பதும் என்ன முறை? நகரா வழக்கில் அடிபட்டதும் இத்தகைய நாட்கோடுதானே!