பாத்டப் வடிகாலும் முரட்டுக் கையும்

அமெரிக்காவின் பழைய வீடுகளில் பாத்டப் ஒழுக ஆரம்பித்தால், தண்ணீர் இறங்கும் ஓட்டையில் திருகியிருக்கும் உலோக வளையத்தைக் கழற்ற வேண்டிவரும். அது மாட்டிக்கொண்டால் பலரும் செய்வது ஒன்றுதான். பெரிய ரெஞ்ச், அதைவிடப் பெரிய பலம். தப்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வளையம் பெரும்பாலும் பித்தளை, மேலே குரோமியப் பூச்சு. வருடக்கணக்கில் தண்ணீர் பட்டுப்பட்டு பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து போய்விடும். மிஞ்சுவது சிவந்து உளுத்துப்போன செம்பு. பார்க்கத்தான் உலோகம், பிடித்தால் ரஸ்க்! நடுவிலுள்ள குறுக்குக் கம்பியில் கருவியை மாட்டி முறுக்கினால் கம்பிதான் உடையும், மரை அசையாது. இன்னும் முறுக்கினால் அடியிலிருக்கும் எல்போவும் சேர்ந்து உடையலாம். மாடிக் குளியலறை என்றால் அப்புறம் கீழ் அறையின் சீலிங்கை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

முதலில் ஹேர் டிரையரால் சூடு காட்டுவது நல்லது. வளையத்துக்கு அடியில் வைத்த புட்டி இளகும். அப்போதும் வரவில்லையா? ஹேக்ஸா பிளேடால் வளையத்தின் உள்சுவரில் இரண்டு வெட்டு போட்டு, நடுத்துண்டை உளியால் உள்பக்கமாக மடக்கினால் பிடி விட்டுவிடும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாத வேலை. எல்போவின் மரையை பிளேடு தொடுவதற்கு முன்பே கையை நிறுத்தத் தெரிய வேண்டும்.