ஓடிப்போனவனும் சிறையுடைத்தவனும்

கற்பனை உலகைப் படைக்கும் கலைஞனைக் கோழை என்று ஏசுவது எளிதான வேலையாகிவிட்டது. வேலைக்கு உறுதியில்லை, நாளை என்ன ஆகுமோ என்ற பதைப்பு நெஞ்சுதோறும் குடியிருக்கிறது. இவ்வேளையில் அரக்கர்களையும் ஆவிகளையும் வரைந்துகொண்டிருப்பது பொறுப்பின்மை, எதார்த்தத்துக்கு அஞ்சி ஓடும் தப்பித்தல் மனப்பான்மை என்று மேடைதோறும் கேட்கிறோம். நானும் அவ்வாறு பேசியவன்தான். வேலையிழந்து வீட்டில் முடங்கிய மகன் ஜப்பானிய அசைவூட்டப் படங்களிலேயே மூழ்கிக் கிடப்பதாகத் தந்தை ஒருவர் வந்து, "நீங்கதான் சாமி கண்டிக்கணும்" என்று முறையிட்டார். அப்படங்களில் ஒன்றையேனும் பாராமலே அவ்விளைஞனைக் கண்டித்தேன். அது தவறு. ஏன் தவறு என்று சொல்லவே இக்கட்டுரை.

1954 மார்ச் 1ஆம் நாள் பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த 'லக்கி டிராகன்' என்ற ஜப்பானியப் படகின்மீது கதிரியக்கச் சாம்பல் மழையெனப் பெய்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றனர். வானொலிப் பணியாளர் குபோயாமா செப்டம்பரில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கோட்ஜில்லா' திரைக்கு வந்தது. குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து கிளர்ந்தெழும் அரக்கன் டோக்கியோவை எரிக்கும் கதை. படத்தின் தொடக்கத்திலேயே கடலில் கண்கூசும் ஒளி தோன்றுகிறது. ஒரு கப்பல் தீப்பற்றி மூழ்குகிறது. ஜப்பானியருக்கு விளக்கவுரை தேவைப்படவில்லை. ஹிரோஷிமாவும் நாகசாகியும் எரிந்து ஒன்பதே ஆண்டுகள் ஆகியிருந்தன. நேராகச் சொல்ல நா எழாத துயரத்தை ரப்பர் உடையணிந்த ஒரு பொய் அரக்கன் சொன்னான். இதையா ஓட்டம் என்பது?

கதை அத்துடன் முடியவில்லை. 1956இல் அதே படம் அமெரிக்காவில் வெளியானபோது, அமெரிக்க நடிகர் ஒருவரின் காட்சிகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. குண்டைச் சுட்டும் பகுதிகள் பல வெட்டப்பட்டன, அல்லது மழுங்கடிக்கப்பட்டன. அரக்கன் அதே அரக்கன். ஆனால் அவனை எழுப்பியவர் யார் என்ற கேள்வி மங்கிப்போயிற்று. முதற்படம் அச்சத்துக்கு முகம் கொடுத்தது. இரண்டாவது அச்சத்தை வேடிக்கையாக்கியது. ஆகவே, கற்பனை வேண்டுமா எதார்த்தம் வேண்டுமா என்று கேட்பதே பிழை. இந்தக் கற்பனை நம் அச்சத்தின் காரணத்தைக் காட்டுகிறதா, மறைக்கிறதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக உரைத்தவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். 1916இல் சோம் போர்க்களத்தின் பதுங்குகுழிகளில் கிடந்தவர். நெருங்கிய நண்பர்களைப் போரில் பறிகொடுத்தவர். நம் திருச்சபையைச் சேர்ந்த அவர் 1939இல் புனித அந்திரேயா பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி உரையாற்றினார். சிறைப்பட்டவன் தப்புவதையும் படைவீரன் களத்தை விட்டு ஓடுவதையும் ஒன்றாகக் கருதிக் குழம்புகிறார்கள் என்று கற்பனையைப் பழிப்போரை அவ்வுரையில் சாடினார். சிறையிலிருப்பவன் வீட்டை நினைப்பது குற்றமாகுமா? சுவரையும் காவலனையும் தவிர வேறெதையும் பேசாதே என்று அவனுக்குக் கட்டளையிட நாம் யார்?

என் தவறை உணர்த்திய படம் ஹயாவோ மியசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே'. 2001இல் வெளியாகி, 2003இல் ஆஸ்கர் விருது பெற்றது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. அக்காலத்தில் நொடித்துப்போன கேளிக்கைப் பூங்கா ஒன்றில்தான் இக்கதை தொடங்குகிறது. தமக்கென்று வைக்கப்படாத உணவை ஆவலோடு விழுங்கும் பெற்றோர் பன்றிகளாகின்றனர். பத்து வயது மகளோ ஆவிகளின் குளியல்மாளிகையில் வேலைக்காரியாகிறாள். முதலாளி முதலில் பறித்துக்கொள்வது அவளுடைய பெயரை. பெயரை மறந்தால் வீடு திரும்ப வழியில்லை. நாற்றமெடுக்கும் ஓர் ஆவியைக் கழுவுகிறாள். அதன் உடலிலிருந்து மிதிவண்டியும் குப்பையும் வந்து விழுகின்றன. அது ஓர் ஆறு! பேராசை, கூலியுழைப்பு, மாசடைந்த நீர் ஆகிய மூன்றையும் சிறுவருக்கும் விளங்கச் சொல்லிவிட்ட படத்தையா நான் பாராமலே பழித்தேன்?

இதனால் கற்பனை அனைத்தும் தூயது என்று வாதிடவில்லை. ஓவியர் தகாஷி முராகாமி, ஜப்பானின் கொஞ்சும் பொம்மைக் கலைக்குப் பின்னால் போரின் தோல்வியும் குண்டின் வடுவும் இருப்பதைக் காட்ட 2005இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சி அமைத்தார். ஹிரோஷிமாவில் போடப்பட்ட குண்டின் பெயரான 'லிட்டில் பாய்' என்பதையே அதற்குத் தலைப்பாக்கினார். அதே முராகாமியின் வண்ணங்கள் 2003 முதல் லூயி விட்டான் கைப்பைகளையும் அலங்கரித்தன. யாயோய் குசாமா சிறுவயது முதல் தம்மை வதைத்த மனத்தோற்றங்களைப் புள்ளிகளாக வரைந்தவர். 1977இல் தாமாகவே மனநல மருத்துவமனையொன்றைத் தம் இல்லமாக்கிக்கொண்டவர். 2017இல் வாஷிங்டனில் அவருடைய கண்ணாடி அறைகளைக் காண மக்கள் திரண்டனர். ஒவ்வொரு அறையிலும் ஏறத்தாழ அரை நிமிடமே நிற்கலாம். அந்த அரை நிமிடத்தையும் பலர் தம்மைத் தாமே படமெடுப்பதில் செலவிட்டனர். ஒருத்தியின் வேதனை மற்றவருக்குப் பின்திரையாயிற்று. இங்கே ஓடிப்போனவர் கலைஞர் அல்லர். அவர் தம் அச்சத்தோடு மல்லுக்கு நிற்கிறார். ஓடுவோர் விற்பவரும் வாங்குபவருமாகிய நாமே!

'நல்ல படத்தையே இரவுபகலாகப் பார்த்துக் கிடந்தால் அதுவும் போதைதானே?' என்று கேட்பீர்கள். உண்மை, மறுக்கவில்லை. சிறையுடைத்தவனும் வெளியே வந்தபின் நடந்தாக வேண்டும். ஆனால் அவன் எழுந்து நடக்கத் தேவையானது ஏச்சன்று, துணை.

பின்னொரு நாள் அவ்விளைஞனிடம் சென்று, முன்பு பேசியதற்காக வருந்துவதாகக் கூறி, அப்படத்தில் அவனுக்குப் பிடித்தது எது என்று கேட்டேன். பெயர் பறிக்கப்பட்ட சிறுமியைப் பற்றி நெடுநேரம் பேசினான். வேலையை விட்டு நிறுத்தப்பட்ட நாளில், பெயர் பொறித்த அடையாள அட்டையை வாயிற்காவலரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியேறியதை அப்போதுதான் சொன்னான். அதுவரை அவன் அதைத் தன் தந்தையிடமும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.