கொடைக்கானல் இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் பெட்ரோல் மிச்சமா? காரின் ‘மூளை’ சொல்லும் கணக்கு

கொடைக்கானல் ட்ரிப் முடிந்து, பெருமாள்மலை தாண்டி வத்தலகுண்டு பக்கம் இறங்கும்போது காரில் ஒருத்தராவது சொல்வார்: “இனிமே இறக்கம்தானே, நியூட்ரல்ல போடு மச்சி, பெட்ரோல் மிச்சம்!” உண்மையில் மிச்சமாகுமா? ஆகாது. காரணம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈசியூ எனும் சின்ன கம்ப்யூட்டர்.

ஈசியூ என்ன செய்கிறது?

1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எவ்வளவு காற்று உள்ளே போகிறது, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை சென்சார்கள் சொல்லிக்கொண்டே இருக்கும். அதை வைத்து, இன்ஜெக்டர் எத்தனை மில்லி செகண்ட் திறக்கணும், ஸ்பார்க் பிளக் எப்போது பொறி விடணும் என்று ஈசியூ முடிவு செய்யும். எரிந்த புகையைச் சோதிக்கும் ஆக்சிஜன் சென்சார், கணக்கு சரியா என்று திருப்பிச் சொல்லும்.

மலை ஏறும்போது...

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்புரேட்டர் கார்களுக்கு இது தெரியாது. பெட்ரோல் அதிகமாகி, கரும்புகை விட்டுத் திணறும். ஈசியூ, காற்றுக்கு ஏற்ப பெட்ரோலைக் குறைத்துவிடும். டர்போ இல்லாத கார் கொஞ்சம் சோர்ந்து இழுப்பது இதனால்தான். ரிப்பேர் என்று பயப்பட வேண்டாம்.

இறங்கும்போது...

கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால், சக்கரங்களே எஞ்சினைச் சுற்றும். இதைக் கவனிக்கும் ஈசியூ, இன்ஜெக்டர்களை மூடிவிடும். அந்த நேரத்தில் பெட்ரோல் செலவு பூஜ்யம்! எஞ்சின் வேகம் ரொம்பக் குறைந்தால்தான் மறுபடி திறக்கும். நியூட்ரலில் சக்கரத்துக்கும் எஞ்சினுக்கும் தொடர்பே இல்லை. எஞ்சின் அணையாமல் இருக்க பெட்ரோல் எரிந்தே ஆகணும். அந்த அட்வைஸ் கார்புரேட்டர் காலத்தோடு போச்சு.

பெட்ரோலைவிடப் பெரிய விஷயம் உயிர். நியூட்ரலில் எஞ்சின் பிரேக்கிங் கிடையாது. கொண்டை ஊசி வளைவுகளில் மொத்த பாரமும் பிரேக் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகி, பிடிப்பு குறையும். எஞ்சினையே ஆஃப் செய்தால் இன்னும் மோசம்: ஸ்டீயரிங் இறுகும், சில முறை மிதித்ததும் பிரேக் பெடலும் கல்லாகிவிடும்.

என்ன செய்யலாம்?

ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் பெரும்பாலும் அதே கியர். ஆட்டோமேட்டிக் கார் என்றால் ‘எல்’ அல்லது மேனுவல் மோடு. நியூட்ரல் போடச் சொல்லும் நண்பருக்கு இதை இப்பவே ஃபார்வர்ட் பண்ணிடுங்க!