காகிதம் சொன்னால்தான் நம்புவார்களா?

ஜப்பான் என்றால் புல்லட் ரயில், ஹிரோஷிமா, அனிமே... யோஷிமி யோஷியாகி என்ற பெயர் தெரிந்தவர்கள் குறைவு. டோக்கியோவின் சூவோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த வரலாற்றாசிரியர். போர்க் காலத்தில் ஜப்பானிய ராணுவம் தன் வீரர்களுக்காகப் பெண்களை அடைத்து வைத்திருந்த விடுதிகளைப் பற்றி ஆராய்ந்தவர். அந்தப் பெண்களுக்கு வைத்த பெயர் 'ஆறுதல் பெண்கள்'. என்ன ஒரு நாசூக்கு!

இதெல்லாம் தனியார் ஏஜெண்டுகள் செய்த வேலை என்று 1990-ல் நாடாளுமன்றத்தில் அரசு கைகழுவியது. 1991 ஆகஸ்டில் கிம் ஹக்-சுன் என்ற கொரிய மூதாட்டி, சியோலில் பத்திரிகையாளர்கள் முன் தனக்கு நடந்ததைச் சொன்னார். அப்போதும் ஆதாரம் இல்லை என்ற ரீதியில்தான் பதில் வந்தது. யோஷிமி ராணுவ ஆய்வு நூலகத்துக்குப் போய்ப் பழைய கோப்புகளைக் கிளறினார். கிடைத்தவற்றில் ஒன்று 1938 மார்ச் மாதக் கடிதம். பெண்களைச் சேர்க்கும் ஆட்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், போலீஸோடு சேர்ந்து செய்யுங்கள் என்று சீனாவிலிருந்த படைகளுக்கு ராணுவ அமைச்சகமே எழுதியது. 1992 ஜனவரி 11 அன்று அசாஹி ஷிம்புன் இதை வெளியிட்டது. ஆறே நாளில் பிரதமர் மியாசாவா சியோலில் மன்னிப்புக் கேட்டார். ஒரு பாட்டி வாய்விட்டுச் சொல்லி நடக்காதது, சில தாள்களால் நடந்தது.

யோஷிமி எடுத்துக் காட்டியவற்றில் இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பெண்களைக் கடத்தி விற்பதைத் தடுக்கும் 1921 சர்வதேச ஒப்பந்தத்தை ஜப்பான் 1925-ல் ஏற்றது. ஆனால் கொரியா, தைவான் போன்ற காலனிகளுக்கு இது பொருந்தாது என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றது! 1938 பிப்ரவரியில் உள்துறை போட்ட உத்தரவும் அதே ரகம். ஜப்பானிலிருந்து சீனாவுக்கு இப்படிப் போகும் பெண் 21 வயது நிரம்பியவராக, ஏற்கெனவே அந்தத் தொழிலில் இருப்பவராக இருக்க வேண்டும். கொரியாவிலோ தைவானிலோ அப்படி ஓர் உத்தரவு போடப்படவில்லை. சொந்த வீட்டுப் பெண்ணுக்கு வேலி, அடிமை நாட்டுப் பெண்ணுக்கு அதுவும் இல்லை. (வறுமையில் விற்கப்பட்ட ஜப்பானிய ஏழைப் பெண்கள் அந்த வேலிக்கும் வெளியேதான் நின்றார்கள். அது இன்னொரு கொடுமை.) ஆணாதிக்கம் தனி, இனவெறி தனி என்று பிரித்துப் பாடம் நடத்துகிறவர்கள் இந்த உத்தரவை ஒருமுறை படிக்கலாம்.

2007-ல் அபே அரசு, பலவந்தமாக இழுத்துச் சென்றதை நேரடியாகக் காட்டும் ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை என்றது. மறுபடியும் காகிதம்! போர் முடிந்த கையோடு ஏராளமான கோப்புகளைக் கொளுத்தியது யாராம்? கையைப் பிடித்து இழுத்தால் மட்டும்தான் கட்டாயமா? ஏமாற்றிக் கூட்டிவந்து, மறுக்கவும் வெளியேறவும் முடியாமல் வைத்திருந்ததும் கட்டாயம்தான் என்பது யோஷிமியின் வாதம். கோப்புகளைத் தேடி எடுத்த அவரே, அந்தப் பெண்களின் வாக்குமூலமும் சான்றுதான் என்கிறார்.

கிம் ஹக்-சுன் 1991 டிசம்பரில் டோக்கியோவில் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர். 2004-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அவர் 1997-லேயே இறந்துவிட்டார்.