பழி கேட்பது செபமாகுமா?

நம் திருத்தலங்களின் மன்றாட்டுப் பெட்டிகளில், நோய் தீரவும் வேலை கிடைக்கவும் எழுதப்படும் வேண்டுதல்களோடு வேறொரு வகை வேண்டுதலும் விழுகின்றது. வரப்பை நகர்த்தியவன் கை விளங்காமற் போக வேண்டும். பொய் வழக்குத் தொடுத்தவன் குடும்பம் தலையெடுக்கக் கூடாது. இதற்கென்றே நவநாள் நேர்ந்துகொள்வோரும் உண்டு. இதற்கு 'ஆன்மீகப் போர்' என்னும் மதிப்பான பெயரும் சூட்டப்படுகின்றது. காசு வெட்டிப் போட்டுச் சாபமிடும் வழக்கத்தை மூடநம்பிக்கை என்று பழிக்கும் நாம், அதே சாபத்தைச் செபமாலையும் கையுமாகச் சொன்னால் மட்டும் பக்தி என்று போற்றுவது முறையா?

இவ்வாறு மன்றாடிய முதல் கிறிஸ்தவர்கள் திருத்தூதர்களே. சமாரியரின் ஊரொன்று இயேசுவை ஏற்க மறுத்தபோது, வானத்திலிருந்து நெருப்பு இறங்கி அவ்வூரை அழிக்கச் செய்யலாமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டனர். இயேசு திரும்பி, ஊராரை அன்று, சீடரையே கடிந்துகொண்டார். பின்பு வேறோர் ஊருக்கு நடந்தார். லூக்கா 9ஆம் அதிகாரத்தில் உள்ள இந்நிகழ்ச்சியை நாம் ஆழ்ந்து படித்ததுண்டா?

"திருப்பாடல்களிலேயே சாபம் உள்ளதே?" என்பர் சிலர். உள்ளதுதான். ஆயினும், 1971இல் வெளியான புதிய திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களையும், வேறு சில பாடல்களின் கடுமையான வரிகளையும் திருச்சபை சேர்க்கவில்லை. செபிப்போர் உள்ளத்திற்கு அவை இடராகலாம் என்பதே அதற்குக் காரணம். எனினும் விவிலியத்திலிருந்து அவை நீக்கப்படவில்லை. நீக்கவும் இயலாது. நசுக்கப்பட்டவனின் ஓலம் அது. அவ்வோலத்தையும் இறைவன் கேட்கிறார். ஆனால் அப்பாடலைப் பாடியவன் வாளை உருவவில்லை. வழக்கை இறைவனிடம் ஒப்படைத்தான். பழிவாங்கும் உரிமை இறைவனுக்கே உரியது என இணைச்சட்டம் கூறுவதைத் தூய பவுல் உரோமையருக்கு நினைவூட்டி, பகைவன் பசித்திருந்தால் அவனுக்கு உணவளிக்கவும் கட்டளையிடுகிறார். வழக்கை ஒப்படைத்தபின், தீர்ப்பையும் நாமே எழுதிக் கொடுத்து இறைவனிடம் கையொப்பம் மட்டும் கேட்பது ஒப்படைப்பாகாது.

ஆன்மீகப் போர் என்பது உண்மையே. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரம் அதற்குரிய படைக்கலங்களை வரிசைப்படுத்துகின்றது. கச்சை, மார்புக்கவசம், மிதியடி, கேடயம், தலைச்சீரா என யாவும் காப்பன, தாக்குவதற்கு உள்ளது தூய ஆவி தரும் வாள் ஒன்றே, அதுவும் இறைவார்த்தையே. நம் போராட்டம் மனிதரோடு அன்று என்று முன்னதாகவே அங்கு வரையறுக்கப்படுகின்றது. அடுத்த வீட்டுக்காரரை அலகையின் இடத்தில் நிறுத்தியவுடன் அப்போரில் நாம் அணி மாறிவிடுகின்றோம். பகை வளர்வதைவிட அலகைக்கு உவப்பானது வேறென்ன?

அவ்வாறெனில் அநீதிக்குப் பணிந்து போவதா? இல்லை. காவல் நிலையத்தில் முறையிடுவதும், நீதிமன்றம் செல்வதும், ஒடுக்கப்பட்டோருக்குத் துணை நிற்பதும் நீதியின் செயல்கள். மத்தியப் பிரதேசத்தின் உதய்நகர்ப் பகுதியில் ஏழை உழவரை வட்டிக்காரர் பிடியிலிருந்து மீட்கப் பாடுபட்ட அருள்சகோதரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தின்போது கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். கொலை செய்தவர் சட்டப்படி தண்டனை பெற்றுச் சிறை சென்றார். 2002இல் அவரைச் சிறையில் சந்தித்த ராணி மரியாவின் தங்கை, தாமும் ஒரு துறவியான அவர், அந்தக் கைகளில் ராக்கி கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றார். குடும்பத்தினரும் அவரை மன்னித்தனர். 2006இல் அவர் விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார். இங்கே நீதி கைவிடப்படவில்லை, பகை வெல்லப்பட்டது. ஆன்மீகப் போரில் வெற்றி என்பது இதுவே.

வரப்பை இழந்தவருக்கு இது கசப்பான அறிவுரை என்பதை மறுக்கவில்லை. காயம்பட்ட நெஞ்சம் ஒரே நாளில் மன்னித்துவிடாது. ஆகவே, அடுத்த நவநாளில் பகைவரின் பெயரையே தாளில் எழுதுங்கள்; இழந்த உரிமை திரும்பக் கிடைக்கவும் மன்றாடுங்கள்; பெயரின் கீழே அவருக்காக ஒரு நன்மையையும் வேண்டுங்கள். கை எழுத மறுத்தால், "ஆண்டவரே, என்னால் இதை எழுத இயலவில்லை" என்றேனும் எழுதுங்கள். அந்தத் தாள் மன்றாட்டுப் பெட்டியில் இடத் தகுந்தது.